ரெய்னோ வைத்த கட்டணம்

பராகா
ஏப்ரல் 14

அன்புத் தம்பி ஆர்வோவுக்கு,

நான் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீ நலமா? முழங்கால் வலி இந்தக் குளிரில் திரும்பி வரவில்லையே?

நீ கப்பல் ஏறிய பிறகும் ரெய்னோவைத் தேடினார்கள். விரிகுடாவில் பனி உருகித் தண்ணீர் திறந்துவிட்டது. ஷெரிஃபின் படகு கரையோரமாகப் பல தடவை போய் வந்தது. என் புருஷன் கிடைக்கவில்லை. உறைந்த விரிகுடா மேல் வைத்திருந்த மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுத்து வந்த அன்று அதற்குள் இருந்த தகர அடுப்பைப் பனி மேலேயே விட்டுவிட்டு வந்தான். அதை எடுக்கத்தான் போனான். "ஒரு நடை போயிட்டு வந்துடறேன், காப்பிய ஆற விடாதே" என்று சொன்னான். துருப்பிடித்த அடுப்பு, ஆர்வோ. மார்ச் கடைசியில் அந்தப் பனி மேல் நாய்கூடக் கால் வைக்காது.

நாம் நீராவியில் குளிக்கிற சானாவில் அவனுடைய பிட்காயின் எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது விடும் வெப்பம் வீணாகக் கூடாதென்று கஞ்சன் அதைக் குளியலறைக்குள் திருப்பிவிட்டானே, அதை அணைக்க எனக்கு மனது வரவில்லை. பக்கத்தில் இருக்கும் கணினித் திரையில் அவன் கடைசியாகச் செய்த காரியம் நிற்கிறது. அன்று காலையில், தன் வாலட்டில் இருந்ததையெல்லாம் எங்கோ அனுப்பியிருக்கிறான். எழுத்தும் எண்ணுமாக ஒரு முகவரி, யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அது இன்னும் போய்ச் சேரவில்லை. உறுதியாகவில்லை, காத்திருக்கிறது என்றே காட்டுகிறது.

அவன் வழக்கம் உனக்குத் தெரியும். அனுப்பும்போது வைக்கிற கட்டணத்தை அடிமட்டத்தில்தான் வைப்பான். அதிகம் வைத்தவர்களுடையதையெல்லாம் எடுத்த பிறகுதான் இவனுடையதை எடுப்பார்கள். நான் கேலி செய்தால், "ரெண்டு வாரம் ஆனா என்ன, நான் எங்க போகப்போறேன்?" என்பான்.

இந்தப் பேச்சு போனில் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அதனால்தான் கடிதம். அந்த முகவரி யாருடையது என்று உனக்குத் தெரியுமா?

உன் அக்கா,
தைமி


டுலூத் துறைமுகம்
மே 3

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் இங்கே மாலுமிகள் விடுதியில் காத்திருந்தது. முழங்கால் பரவாயில்லை. இரும்புத் தாது ஏற்றிக்கொண்டிருக்கிறோம், நாளை கிளம்பிவிடுவோம். உன் பிறந்தநாள் ஏப்ரல் ஆறாம் தேதி வந்து போனதையே மறந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அதை நினைக்கிற வருஷமா இது.

அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்காராதே. யாரும் எடுக்காமல் ரொம்ப நாள் கிடந்தால் அது வரிசையிலிருந்து தானாக விழுந்துவிடும். பணம் கெட்டுப் போகாது, பழைய இடத்திலேயே இருக்கும். அதை விட்டுவிடு.

அன்று காலை ரெய்னோ என்ன சாப்பிட்டான்? நன்றாகச் சாப்பிட்டானா? ஏதாவது வித்தியாசமாகப் பேசினானா?

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி,
ஆர்வோ


பராகா
மே 19

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இரண்டு ராத்திரியாகத் தூங்காமல் திரை முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

திரையில் இருந்தது மாறிவிட்டது. அதே முகவரிக்குப் போகிற அதே பணம். கட்டணம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. பழையது போய், அந்த இடத்தில் புதிதாக ஒன்று காத்திருக்கிறது. அனுப்பியவனே அதே பணத்தைக் கூடுதல் கட்டணத்தோடு மறுபடி அனுப்பினால் இப்படி ஆகும் என்று ரெய்னோ ஒரு தடவை காட்டியிருக்கிறான். அதற்கு அனுப்பியவன் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு அவனுடைய வாலட்டைத் திறக்கிற பன்னிரண்டு ரகசியச் சொற்கள் வேண்டும். அவற்றை என்னிடமே சொல்லாதவன் ஊரில் வேறு யாரிடம் சொல்லியிருப்பான்?

ஆர்வோ, அவன் எங்கேயோ இருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. எல்லோரும் குளித்து முடித்ததும் கடைசிக் கரண்டித் தண்ணீரைச் சூடான கல் மேல் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துவோமே, கண்ணுக்குத் தெரியாத சானாவின் காவல்காரனுக்கு என்று. சனிக்கிழமை அப்படி ஊற்றினேன், சீறி அடங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்குகிறேன், உள்ளே இன்னொரு முறை சீறியது. திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. திறந்து பார்க்காததற்கு அழுகையும் வந்தது.

அவன் துண்டை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

அன்று காலை என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தாய். ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு, பிறகு என் தட்டிலிருந்து ஒன்று. ஏன் கேட்கிறாய்?

தைமி


கப்பலிலிருந்து
ஜூன் 21

அன்பு அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். டெட்ராய்ட்டில் தபால் படகு உன் கடிதத்தைக் கொண்டுவந்தது. ஒரு வாரமாக மூடுபனி. சங்கை ஊதி ஊதி எல்லோருக்கும் காது அடைத்துவிட்டது. புதுச் சமையல்காரன், கேரட்டே சேராத நம் இறைச்சிப் பேஸ்டியில் கேரட் போடுகிறான். "இதுக்கு உன்ன ஏரியில தள்ளலாம்டா" என்று மாலுமிகளின் மேஸ்திரி போட்ஸ்வைன் சொன்னார், யாருமே சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவரே கேரட்டைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சானாக் கூரையில் எங்காவது ஒழுகுகிறதா என்று ஆள் விட்டுப் பார். கல் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் சீறத்தான் செய்யும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடு.

அன்றைக்கு அவன் உன்னிடம் வழக்கத்துக்கு மீறி அன்பாக ஏதாவது பேசினானா?

ஆர்வோ


பராகா
ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

சுகமா? கப்பலில் கேரட்டையாவது ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடு.

நான் எழுதியதில் ஒன்றுக்குத்தான் பதில் இல்லை. கட்டணம் ஏறியதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. இப்போது இரண்டாவது தடவையும் ஏறிவிட்டது.

கூரையில் பக்கத்து வீட்டு ஐலியின் கணவர் ஏறிப் பார்த்தார். "எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு தைமி, ஒரு ஓட்டையும் இல்ல" என்றார். போன சனிக்கிழமையும் சீறியது.

போதகர் லின்டால் வந்தார். உடல் கிடைக்காவிட்டாலும் ஜெபக்கூட்டம் வைத்து அனுப்பிவிடலாம் என்கிறார். "யார அனுப்பறது? அவர் வர்றதுக்கு நான் கதவத் தெறந்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். பாவம், காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்.

கூட்டுறவுக் கடையில் டார்லீன் அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது கேட்டது. "துருப்பிடிச்ச அடுப்புக்காக எவனாவது அந்தப் பனி மேல போவானா? ஒண்ணு எவளோடயோ போயிட்டான், இல்ல வேணும்னே எறங்கிட்டான். இவளுக்குத்தான் ஒண்ணும் தெரியல." நான் இந்தப் பக்கம் வந்து நின்றேன். மாவு மூட்டையின் விலையைக் கேட்பது போல அவள் முகத்தையே பார்த்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் சொன்னது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

எவளோடு போயிருந்தாலும் சரி, உயிரோடு இருந்தால் போதும். விரிகுடா முதலில் உறைந்ததும், அவன் இறங்கிய இடம் வரைக்கும் நான் நடந்து போய்ப் பார்க்கப் போகிறேன். யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை.

தைமி


சூ மதகு
ஆகஸ்ட் 24

அன்பு அக்காவுக்கு,

நலமாக இரு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் பனி மேல் கால் வைக்காதே. ஒருவரை அங்கே விட்டது போதும். உனக்கு மேல் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

கப்பலை ஏற்றி இறக்குகிற இந்த மதகில் தண்ணீர் இறங்கும் நேரத்துக்குள் எழுதுகிறேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆர்வோ


பராகா
செப்டம்பர் 22

ஆர்வோவுக்கு,

நலம் விசாரிப்பது பிறகு.

மூன்றாவது தடவை ஏறிவிட்டது. இந்தத் தடவை சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தேன். முப்பத்தொரு வருஷம் நான் ரெய்னோவோடு வாழ்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் கட்டணத்தை ஏற்றியதில்லை. எனக்கு அதைக் காட்டினான் என்றேனே, அது அடுத்தவன் ஏற்றியதைக் காட்டி, "பார், அவசரக் குடுக்கை" என்று திட்டுவதற்காக. வரிசையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பானே தவிர, ஒரு செப்புக்காசு கூடப் போட மாட்டான்.

இதைச் செய்கிறவனுக்கு இளகின மனது. கொஞ்சம் போடுகிறான், பயந்து நிறுத்திக்கொள்கிறான். அப்புறம் இன்னும் கொஞ்சம். அதுவும் உன் கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளாகப் பார்த்துத்தான் அவனுக்குக் கை வருகிறது.

நீதானா?

தைமி


மார்க்கெட் துறைமுகம்
அக்டோபர் 9

அன்பு அக்காவுக்கு,

நான்தான்.

பிப்ரவரியில் கப்பல் பட்டறையில் நிற்கும்போது ரெய்னோ என்னைப் பார்க்க வந்தானே, மீன் கொண்டுவந்தான் என்று உன்னிடம் சொன்னோமே, அன்று என்னை இரண்டு எஃகுத் தகடு அடிக்கச் சொன்னான். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சொற்கள். ஒன்று அவனுடைய பழைய வாலட்டுக்கு. மற்றது புதிதாக உன் பெயருக்கு என்று அவன் தொடங்கியது. "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எல்லாம் அவளுக்கு. நீ வாயத் தெறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினான். பழையதை என்னிடம் கொடுத்தான். உன்னுடையதைச் சானாவில் நாம் உட்காரும் மேல்பலகைக்கு அடியில் திருகி வைத்திருக்கிறான். அந்த முகவரி உன்னுடையதுதான், அக்கா.

முதல் தடவை அது உன்னிடம் வந்து சேரட்டும் என்றுதான் ஏற்றினேன். போதவில்லை, கூட்டம் அப்படி. அதற்குள் உன் கடிதம் வந்தது, அவன் எங்கேயோ இருக்கிறான் என்று. அப்புறம் எனக்கு எதுவும் ஓடவில்லை. விட்டால் வரிசையிலிருந்து விழுந்துவிடும், திரை காலியாகிவிடும், நீ என்ன ஆவாயோ என்று பயம். நிறைய வைத்தால் போய்ச் சேர்ந்துவிடும், அப்போதும் முடிந்துவிடும். விழாமலும் சேராமலும் இருக்கிற அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் அப்படிச் சொன்னவன், மார்ச்சில் எல்லாவற்றையும் உன் பெயருக்கு அனுப்பிவிட்டு, அதே காலையில் உளுத்த பனி மேல் நடந்து போயிருக்கிறான். அடுப்புக்காகவா போனான்? டார்லீன் சொன்ன இரண்டாவது பேச்சை நான் ஏப்ரலிலிருந்தே எனக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த முகவரி உன்னுடையது என்று தெரிந்தால் உனக்கும் அதுதானே தோன்றும். ஓடிப்போன புருஷனாகவே அவன் உனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆர்வோ


டுலூத்
நவம்பர் 11

அக்காவுக்கு,

பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. விரிகுடாவின் ஓரத்தில் பனி பிடிக்க ஆரம்பித்துவிட்டதாக ஐலி போனில் சொன்னாள். "உங்க அக்கா தெனமும் கரையில வந்து நிக்கறா. கூப்பிட்டா திரும்பறதே இல்ல" என்றாள். ஏரியில் புயல், இரண்டு நாளாகத் துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கிறோம். என்னால் இறங்கி வர முடியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது. பனி மேல் போகாதே.

ஆர்வோ


பராகா
நவம்பர் 17

தகட்டை அனுப்பு.

தைமி


பராகா
டிசம்பர் 8

அன்புத் தம்பி ஆர்வோவுக்கு,

நான் நலம், இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் கம்பளிக் காலுறைக்குள் சுற்றிய தகடு வந்து சேர்ந்தது. ஒற்றைக் காலுறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அடுத்ததையும் கொண்டு வா.

உன் அக்டோபர் கடிதத்தைப் படித்த அன்று சானாவில் போய் உட்கார்ந்தேன். மேல்பலகைக்கு அடியில் கையை விட்டேன், தகடு இருந்தது. எவ்வளவு நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தேனோ. அப்புறம் தினமும் கரைக்குப் போனேன். ஐலி சொன்னது உண்மைதான். போன மாதம் ஒரு நாள் பனி மேல் ஒரு காலை வைத்தும் பார்த்தேன். அடியில் ஏதோ முனகியது. உறையும் பனி அப்படித்தான் முனகும், இங்கே பிறந்த எனக்குத் தெரியாதா. ஆனால் அன்று என்னைக் கூப்பிடுவது போல இருந்தது. வேண்டுமென்றே இறங்கினாயா என்று சத்தம் போட்டுக் கேட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். இன்னொரு காலையும் வைத்திருப்பேன்.

அப்போதுதான் அவன் குரல் ஞாபகம் வந்தது. பயப்படாதே, ஆவியெல்லாம் இல்லை, வெறும் ஞாபகம்தான். "ரெண்டு வாரம் ஆனா என்ன, நான் எங்க போகப்போறேன்?"

அட மண்டு ஆர்வோ! திரும்பி வராதவன் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பானா? காலையில் எல்லாவற்றையும் எனக்கு எழுதி வைத்துவிட்டு மதியத்துக்குள் செத்துப்போக நினைத்தவன், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவாவது நல்ல கட்டணமாக வைத்திருக்க மாட்டானா? இவன் அடிமட்டத்தில் வைத்திருக்கிறான். கட்டணத்தைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்ற குறியையும் விட்டு வைத்திருக்கிறான். உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று நினைக்கிறவன்தான் இப்படிச் செய்வான்.

மார்ச் கடைசியில் அனுப்பினால் இரண்டு வாரம் போல ஆகும். ஏப்ரல் ஆறுக்குள் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் தள்ளி. என் பிறந்தநாளை நீதான் மறந்தாய், அவன் மறக்கவில்லை. மேல்பலகைக்கு அடியில் கையை விடு என்று சொல்லி என்னை அசடாக்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறான். பெண்டாட்டிக்குப் பரிசு கொடுப்பதிலும் கட்டணத்தை மிச்சம் பிடித்திருக்கிறான், கஞ்சப் பிசினாறி. பிப்ரவரியில் அவன் உன்னிடம் சொன்னது அவன் வயதில் எல்லோரும் சொல்வதுதான்.

அவன் அடுப்புக்காகத்தான் போனான், ஆர்வோ. துருப்பிடித்த அந்தத் தகர அடுப்புக்காகத்தான். புதிது வாங்க மனசு வராமல் போனான். வேறு யார் போனாலும் நான் நம்ப மாட்டேன், ரெய்னோ போனான் என்றால் நம்புவேன். காலை எடுத்துக் கரையில் வைத்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், ஐலி ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நேற்றுக் காலையில் காப்பி போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றி எடுத்துக்கொண்டு சானாவுக்குப் போனேன். கணினியில் நீ அனுப்பிய பன்னிரண்டு சொற்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். கட்டணத்தை ஏற்றுகிற இடம் வந்தது. அடுப்புக் கடையில் போன வாரமே விலை கேட்டு வைத்திருந்தேன், அவன் விட்டுவிட்டு வந்த அதே அளவுத் தகர அடுப்பு, புதிது, அது என்ன விலையோ அதையே கட்டணமாக வைத்தேன். கணினிக்கே தாங்கவில்லை. வழக்கத்தைவிட மிக மிக அதிகம், நிச்சயமா என்று சிவப்பில் கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன்.

நான் என் கோப்பையைக் குடித்து முடிப்பதற்குள், காத்திருக்கிறது என்று இருந்த இடத்தில் உறுதியானது என்று வந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு மேல் கிடந்தது, அவ்வளவுதான்.

நான் கதவை அகலத் திறந்து வைத்தேன். ரெய்னோ உயிரோடு எந்த மூலையில் இருந்தாலும், இந்தக் கட்டணத்தைக் கேள்விப்பட்டால், "உனக்குப் பைத்தியமாடி தைமி, ஒரு புது அடுப்பே வாங்கியிருக்கலாமே!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவான். ஏரிக்கு அடியில் இருந்தாலும் எழுந்து வருவான். பனி உள்ளே பறந்து வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் கடைசிக் கரண்டியைக் கல் மேல் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். படியில் நின்று கேட்டேன். ஒரு தடவைதான் சீறியது.

போதகர் லின்டாலிடம் சொல்லிவிட்டேன். உன் கப்பல் குளிர்காலத்துக்குக் கரை சேரும் வாரத்தில், சனிக்கிழமை ஜெபக்கூட்டம். கறுப்புக் கோட்டை எடுத்து வை, பொத்தான் ஒன்று விழுந்திருக்கும், நான் தைத்துத் தருகிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அவன் கோப்பையில் இருந்த காப்பி ஆறிவிட்டது, ஆர்வோ. கொட்டிவிட்டேன்.

உன் அக்கா,
தைமி